பழைய வேனுக்கு ஆண்டுத் தேர்வு: தேறுவது வண்டியா, வைத்திருப்பவரா?



தொலைக்காட்சிக் கலந்துரையாடல்களில் வாகனம் என்று பேச்செடுத்தால் சிஓஇ விலை, எண்ணெய் விலை, சாலை நெரிசல் ஆகிய மூன்றைச் சுற்றியே பேச்சு போகும். சின்ன வேனைப் பற்றிப் பேசுபவர் அரிது. ஆனால் நம்மிடையே எத்தனையோ குடும்பங்களின் சோறு அந்தச் சின்ன வேனில்தான் இருக்கிறது. பூமாலை எடுத்துச் செல்பவர், திருமண வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போகும் கேட்டரிங்காரர், மளிகை சுமப்பவர், ஏர்கான் பழுது பார்ப்பவர், மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி ஏற்றிச் செல்பவர் என்று பட்டியல் நீளும். இவர்களில் பலர் ஓட்டுவது புது வேன் அல்ல. ஒருவரோ இருவரோ ஏற்கெனவே ஓட்டித் தேய்த்த வேன்.

அப்படிப்பட்ட வேனுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக் கடிதம் வருகிறது. கடிதத்தைப் பிரித்ததுமே வீட்டில் எழும் கேள்வி, "இந்த முறை தேறிவிடுமா?" என்பதுதான். தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. வேன் நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் அன்றைய வருமானம் போச்சு. மறுபக்கம், பிரேக் சரியில்லாத வேன் தப்பித் தவறித் தேறிவிட்டால் சாலையைக் கடக்கும் யாரோ ஒருவரின் உயிர் போகலாம். ஆகவே இது ஒரு தாள், ஒரு முத்திரை என்று தள்ளிவிடக்கூடிய செய்தி அல்ல.

பழைய சின்ன வேன் ஒன்று ஆண்டுப் பரிசோதனையில் தேறும் என்று எந்த அளவுக்கு நம்பலாம்? நல்ல பிராண்டு வாங்கினால் தேறுமா, வயது குறைவாக இருந்தால் தேறுமா, அல்லது வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா? இதற்கு விடை காண வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். நம் சாலைச் சட்டங்களின் வேர் பிரிட்டிஷ் சட்டத்தில் இருக்கிறது. ஆண்டுப் பரிசோதனையை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி, அதன் கணக்கை மக்கள் பார்வைக்கும் வைத்த நாடு பிரிட்டன். எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

பத்தாண்டுச் சோதனை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டனில் புது வாகனங்கள் எளிதில் கிடைக்கவில்லை. போருக்கு முன் செய்யப்பட்ட கார்களும் வேன்களும் 1950களிலும் ஓடிக்கொண்டிருந்தன. பிரேக் பிடிக்காத வண்டி, ஒரு விளக்கு மட்டும் எரியும் வண்டி, ஸ்டியரிங் ஆடும் வண்டி எல்லாம் சாலையில் சகஜம். வாகனங்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தும் அதிகாரத்தை 1956ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அரசாங்கத்துக்கு வழங்கியது. 1960 செப்டம்பரில், எர்னெஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, பரிசோதனை தொடங்கியது.

தொடக்கத்தில் பத்து வயதைத் தாண்டிய வாகனங்களுக்கு மட்டும்தான் பரிசோதனை. அதனால் மக்கள் அதைப் 'பத்தாண்டுச் சோதனை' என்றே அழைத்தார்கள். பார்த்தவையும் மூன்றே மூன்று: பிரேக், விளக்கு, ஸ்டியரிங். இந்த மூன்றிலேயே ஏராளமான வண்டிகள் தேறாமல் திரும்பின. அந்த எண்ணிக்கையைக் கண்டு திகைத்த அரசாங்கம் 1961ஆம் ஆண்டு முடிவதற்குள் வயது வரம்பை ஏழாகக் குறைத்தது. 1962 முதல் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாதவருக்குச் சாலை வரி வில்லை கிடையாது என்றானது. 1967இல் வயது வரம்பு மூன்றாண்டுக்கு இறங்கியது. இன்றும் அதே மூன்றாண்டுதான்.

போக்குவரத்து அமைச்சின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான 'எம்ஓடி' என்பதே பரிசோதனைக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. அந்த அமைச்சு 1970இல் வேறு அமைச்சுகளோடு இணைந்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பட்டியல் நீண்ட கதை

மூன்று பொருள்களோடு தொடங்கிய பட்டியல் படிப்படியாக வளர்ந்தது. 1968இல் டயர் சேர்ந்தது. 1977இல் வைப்பர், சிக்னல் விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன், புகைபோக்கி, வண்டியின் உடற்கட்டு ஆகியவை சேர்ந்தன. 1991இல் பெட்ரோல் வண்டிகளின் புகை அளவிடப்பட்டது. 1994இல் டீசல் புகையும் சேர்ந்தது. 2012இல் ஓட்டுநர் முன்னால் எரியும் எச்சரிக்கை விளக்குகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். 2018 மே மாதத்திலிருந்து குறைபாடுகளை 'ஆபத்தானது', 'பெரியது', 'சிறியது' என்று மூன்றாகப் பிரித்துத் தாளில் எழுதுகிறார்கள். சிறிய குறைபாடு இருந்தால் வண்டி தேறும். மற்ற இரண்டில் ஒன்று இருந்தாலும் தேறாது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1965இல் தேறிய வேனும் 2015இல் தேறிய வேனும் ஒரே தேர்வை எழுதவில்லை. கேள்வித்தாள் கடினமாகிக்கொண்டே வந்திருக்கிறது. "அந்தக் காலத்து வண்டி எல்லாம் ஒரே தடவையில் பாஸாகும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். வண்டி நன்றாக இருந்திருக்கலாம். கேள்விகள் குறைவாக இருந்ததும் உண்மை.

காகிதத்தில் உறங்கிய கணக்கு

எந்த வண்டி எதனால் தேறவில்லை என்ற தகவல் முதல் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் காகிதங்களில்தான் இருந்தது. காகிதங்கள் ஆயிரக்கணக்கான பட்டறைகளில் சிதறிக் கிடந்தன. 2005இல் பரிசோதனை முறை கணினிமயமானது. அதன்பின்தான் நாடு முழுவதுக்குமான கணக்கு ஓரிடத்தில் சேரத் தொடங்கியது.

சேர்ந்த கணக்கும் உடனே மக்கள் கைக்கு வரவில்லை. தகவல் அறியும் சட்டத்தின்கீழ் பிபிசி நிறுவனம் அதைக் கேட்டது. எந்த மாடல் அதிகம் தோற்கிறது என்று தெரிந்தால் தயாரிப்பாளர்களின் வியாபாரம் பாதிக்கப்படலாம் என்று சொல்லி அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். இழுபறிக்குப் பிறகு 2010இல் கணக்கு வெளிவந்தது. பிற்காலத்தில் வாகன எண்ணைத் தட்டினாலே போதும், அந்த வண்டி எந்த ஆண்டில் தேறியது, எதனால் தேறவில்லை, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. பழைய வேன் வாங்கப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. மீட்டரைப் பின்னுக்குத் திருப்பி விற்பவரின் குட்டு இதில் உடைந்துவிடும்.

கணக்கு சொன்ன உண்மை

இந்தக் கணக்கு என்ன சொன்னது?

பிரிட்டனில் எடை ஏற்றிய நிலையில் 3,000 கிலோவுக்கு உட்பட்ட சின்ன வேன்கள் கார்களோடு சேர்த்து ஒரே வகுப்பில் எண்ணப்படுகின்றன. 3,000 முதல் 3,500 கிலோ வரையிலான வேன்களுக்குத் தனி வகுப்பு. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்களும் சின்ன வேன்களும் சேர்ந்த வகுப்பில் ஏறக்குறைய பத்தில் நான்கு வண்டிகள் முதல் முறை தேறவில்லை. பெரிய வேன்களின் நிலை இன்னும் மோசம். ஏறக்குறைய பாதி வண்டிகள் முதல் முறை தோற்றன. இரண்டு வேன் உள்ளே போனால் ஒன்று தோற்றுத் திரும்புகிறது என்று அர்த்தம். பின்னர் நிலைமை மேம்பட்டது. 2020களில் கார் வகுப்பில் தேறாதவை மூன்றில் ஒன்றுக்கும் குறைந்தன.

சரி, எதனால் தோற்றன? எஞ்சின் வெடித்தா, கியர்பாக்ஸ் கழன்றா? இல்லை. பட்டியலின் முன்வரிசையில் இருப்பவை விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர், வைப்பர் மற்றும் முன்கண்ணாடி. எரியாத பல்பு ஒன்றுக்காக எத்தனையோ வண்டிகள் தேறாமல் போயிருக்கின்றன. சிறு குறைபாட்டை ஒரு மணி நேரத்துக்குள் அங்கேயே சரிசெய்து தேறிய வண்டிகளுக்குத் தனிக் கணக்கே வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். காலையில் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை அவை.

லாரி தேறுகிறது, வேன் ஏன் தோற்கிறது?

வரலாறு நமக்குக் கொடுக்கும் முக்கியமான பாடம் லாரியையும் வேனையும் ஒப்பிடும்போதுதான் கிடைக்கிறது.

பிரிட்டனில் கனரக லாரிகளுக்கான ஆண்டுப் பரிசோதனை 1968இல் தொடங்கியது. அதே ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் லாரி நிறுவனங்களுக்கு உரிமம் என்ற முறையைக் கொண்டுவந்தது. உரிமம் வேண்டுமென்றால் குறிப்பிட்ட வார இடைவெளியில் ஒவ்வொரு லாரியையும் சோதிக்க வேண்டும். ஓட்டுநர் தினமும் வண்டியைச் சுற்றிப் பார்த்துக் குறை இருந்தால் எழுதித் தர வேண்டும். அந்தத் தாள்களை 15 மாதங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தவறினால் உரிமத்தையே பறிக்கும் அதிகாரம் போக்குவரத்து ஆணையருக்கு உண்டு. பறித்தால் நிறுவனத்தை மூட வேண்டியதுதான்.

3,500 கிலோ வரையிலான வேன்கள் உள்நாட்டில் ஓட அந்த உரிமம் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனையில் தேறினால் போதும்.

விளைவைப் பாருங்கள். லாரி வேனைவிடப் பெரியது, கூடுதல் பாரம் சுமப்பது, ஒரே ஆண்டில் மிக அதிக தூரம் ஓடுவது. அதுதான் அதிகம் தோற்க வேண்டும் என்று நாம் நினைப்போம். உண்மை நேர்மாறு. 2010களின் இறுதியில் முதல் முறை தேறாத லாரிகள் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. பாடுபடும் லாரி தேறுகிறது, அதைவிட லேசான வேலை செய்யும் வேன் தோற்கிறது. இரும்பில் உள்ள வித்தியாசமா இது? லாரியை ஆண்டு முழுவதும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வேனை ஆண்டு முழுவதும் யாரும் பார்ப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை உணர்ந்த பிரிட்டிஷ் சரக்குப் போக்குவரத்துச் சங்கம் 2010இல் வேன் நிறுவனங்களுக்கென ஒரு தரத் திட்டத்தைத் தொடங்கியது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் லாரிக்குக் காட்டும் ஒழுங்கை வேனுக்கும் காட்டுங்கள் என்பதே அதன் சாரம்.

வேனுக்கே உரிய சில சிக்கல்கள்

வேன் தோற்பதற்கு அதன் அமைப்பிலும் சில காரணங்கள் உண்டு. இவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

முதலாவது, பின்சக்கர பிரேக். காரில் எப்போதும் ஏறக்குறைய ஒரே எடைதான். வேன் அப்படியல்ல. காலையில் முழுப் பாரம், மாலையில் காலி. வெற்று வேனில் பின்சக்கரம் எளிதில் வழுக்கும் என்பதால் பல வேன்களில் பாரத்துக்கு ஏற்ப பின் பிரேக்கின் விசையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கும். வண்டிக்கு அடியில், சேறும் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் அது இருக்கிறது. துருப்பிடித்து இறுகிவிட்டால் ஓட்டுபவருக்கு எளிதில் தெரியாது. பரிசோதனை நிலையத்தில் சக்கரங்களை உருளைமேல் நிறுத்தி ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பிரிட்டன் விதிப்படி வேன் போன்ற வண்டிகளின் மொத்தப் பிரேக் விசை வண்டி எடையில் குறைந்தது 50 விழுக்காடு இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்குக்குப் பெரும்பாலும் 16 விழுக்காடு. பல பழைய வேன்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இரண்டாவது, பின்விளக்குகள். வேனின் பின்கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து மூடப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கதவிலுள்ள விளக்குக்குப் போகும் கம்பிகள் கீல் பக்கத்தில் மடிந்து மடிந்து அறுந்துபோகின்றன. சாமான் ஏற்றி இறக்கும்போது விளக்கின் மேல்மூடி உடைகிறது. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குப் பின்னால் என்ன எரியவில்லை என்று எப்படித் தெரியும்?

மூன்றாவது, சஸ்பென்ஷன். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் பின்னாலுள்ள வில்பட்டைகளும் அவற்றைத் தாங்கும் ரப்பர் புஷ்களும் சீக்கிரம் தேய்கின்றன. பிரிட்டனில் சாலையோரத்தில் நிறுத்தி எடைபோட்ட வேன்களில் பெரும்பாலானவை அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருந்தன என்று அதிகாரிகள் பலமுறை தெரிவித்திருக்கிறார்கள். சந்தேகப்பட்ட வேன்களைத்தான் நிறுத்தினார்கள் என்பது உண்மை. ஆனாலும் பழக்கம் எப்படிப்பட்டது என்பதை அது காட்டுகிறது.

நான்காவது, மனிதக் காரணம். காரை அதன் சொந்தக்காரர் ஓட்டுகிறார். வேனையோ இன்று ஒருவர், நாளை வேறொருவர். "நமக்கென்ன, முதலாளி வண்டிதானே" என்று ஓட்டுநர் நினைக்கிறார். "ஓட்டுகிறவன் சொல்லட்டும்" என்று முதலாளி நினைக்கிறார். இருவருக்கும் நடுவில் வேன் அநாதையாகிறது.

இதனால்தான் 'எந்த மாடல் அதிகம் தேறுகிறது' என்ற பட்டியலை மட்டும் நம்பி வேன் வாங்குவது ஆபத்து. ஒரு மாடலைக் கூரியர் நிறுவனங்கள் விரும்பி வாங்கினால் அது அதிகம் ஓடித் தேயும், அதிகம் தோற்கும். இன்னொரு மாடலை வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேலை செய்யும் தச்சர்கள் வாங்கினால் அது நல்ல பெயர் எடுக்கும். பட்டியலில் நாம் பார்ப்பது வண்டியின் குணத்தோடு சேர்ந்த வேலையின் குணம்.

சோதிப்பவர் யார்?

இன்னொரு பழைய கேள்வியும் உண்டு. வண்டியைச் சோதிப்பவரே அதைப் பழுதுபார்த்துக் காசு வாங்குபவராகவும் இருக்கலாமா?

பிரிட்டனின் பெரும்பகுதியில் அனுமதி பெற்ற தனியார் பட்டறைகளே சோதிக்கின்றன. பழுதும் பார்க்கின்றன. வேலை கிடைக்கும் என்பதற்காக நல்ல வண்டியைத் தோற்கடிப்பார்களோ என்ற சந்தேகம் ஒருபுறம், வாடிக்கையாளரை இழக்கக்கூடாது என்று மோசமான வண்டியைத் தேறவைப்பார்களோ என்ற சந்தேகம் மறுபுறம். வட அயர்லாந்தில் அரசாங்க நிலையங்களே சோதிக்கின்றன. அங்கே பழுது பார்ப்பதில்லை. ஆனால் அந்த முறைக்கும் ஒரு சோதனை வந்தது. 2020 ஜனவரியில் நிலையங்களில் வண்டியைத் தூக்கும் 55 லிஃப்டுகளில் 48இல் விரிசலுக்கான அறிகுறிகள் தெரிந்தன. கார்களுக்கும் சின்ன வேன்களுக்கும் பரிசோதனையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. சோதிக்கும் இடமே சோதனையில் தேறவில்லை! பராமரிப்பு என்பது எல்லோருக்கும் பொது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

நம் கரையில்

இனி நம் ஊருக்கு வருவோம். பிரிட்டன் காட்டிய இரு வழிகளில் சிங்கப்பூர் தேர்ந்தெடுத்தது சோதனையையும் பழுதுபார்ப்பையும் பிரித்து வைக்கும் வழி. 1981இல் வைகாம் நிறுவனம் தொடங்கப்பட்டது. பரிசோதனை நிலையத்தின் வேலை சோதிப்பது. பழுது என்றால் நீங்கள் உங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. 1995 செப்டம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் அமைந்தபோது வாகனப் பதிவகமும் அதற்குள் வந்தது.

சிங்கப்பூரில் சரக்கு வேனுக்குப் பத்து வயது வரை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. பத்து வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதிகபட்ச ஆயுள் இருபது ஆண்டு. கார்களுக்கோ முதல் மூன்றாண்டுக்குப் பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து வயதுக்குமேல் ஆண்டுக்கு ஒருமுறை. வேன் அதிகம் உழைக்கிறது, ஆகவே அதிகம் பார்க்கப்பட வேண்டும் என்ற நியாயம் இதில் தெரிகிறது. பிரிட்டனில் சின்ன வேன் காரோடு சேர்த்து எண்ணப்படுகிறது. இங்கே அதற்குத் தனிக் கணக்கு.

பத்தாவது ஆண்டில் சிஓஇ புதுப்பித்து ஓட்ட நினைக்கும் சிறு வியாபாரிக்கு இது முக்கியம். புது வேன் வாங்கும் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுபவர், அதன்பின் ஆண்டுக்கு இரண்டு பரிசோதனை, அவற்றுக்கு முன் இரண்டு தடவை ஒர்க்‌ஷாப் செலவு என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எல்லைக்கு அப்பால் மலேசியாவில் 1994 முதல் புஸ்பகோம் நிறுவனம் பரிசோதனையை நடத்திவந்தது. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்குத் தரப்பட்ட தனியுரிமை மேலும் பதினைந்து ஆண்டு நீட்டிக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 31ஆம் தேதி முடிவடைந்தது. அதன்பின் மற்ற நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. நிலையங்கள் கூடினால் வரிசை குறையலாம், அலைச்சல் குறையலாம். ஆனால் போட்டி வந்தால் சோதனையின் கண்டிப்பு தளரக்கூடாது. மக்கள் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது.

ஒரு நாள் நாடகம்

இந்த வரலாற்றில் எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிக்கொண்டு போய், தேறியதும் கழற்றிவிட்டுப் பழைய டயரை மாட்டுவது. நம் வட்டாரத்தில் இதைக் கேள்விப்படாத வேன்காரர் இருக்க மாட்டார். ஆண்டு முழுவதும் புத்தகத்தைத் தொடாமல் தேர்வுக்கு முதல் நாள் அடுத்தவன் நோட்டை இரவல் வாங்கும் மாணவனைப் போன்றது இது. மாணவனாவது தன் மதிப்பெண்ணைத்தான் இழக்கிறான். மழையில் தேய்ந்த டயரோடு ஓடும் வேன் யாரை இடிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

சான்றிதழ் சொல்வது சோதித்த நாளில், சோதித்த நேரத்தில், சோதித்த பொருள்கள் சரியாக இருந்தன என்பதை மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் வெறும் வேனில். உங்கள் முழுப் பாரத்தோடு, அடைமழையில், விரைவுச்சாலையில் அது எப்படி நிற்கும் என்பதற்குச் சான்றிதழ் உத்தரவாதம் தருவதில்லை.

அப்படியானால் பரிசோதனையே வீண் என்று சிலர் வாதிடலாம். இன்றைய வாகனங்கள் தரமானவை, அடிக்கடி சோதிப்பது செலவு என்ற வாதம் பிரிட்டனிலும் எழுந்தது. முதல் பரிசோதனையை மூன்றாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டுக்குத் தள்ளலாமா என்று 2023இல் அரசாங்கம் மக்களிடம் கருத்துக் கேட்டது. பாதுகாப்பு குறையும் என்று பலர் எதிர்த்தார்கள். 2024 ஜனவரியில் அந்த யோசனை கைவிடப்பட்டது. வாழ்க்கைச் செலவு ஏறியிருந்த நேரத்திலும் பிரிட்டிஷ் மக்கள் அந்த ஆண்டுச் சோதனையை விட்டுக்கொடுக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

நாம் செய்யக்கூடியது

தேறும் வேன் எப்படி உருவாகிறது என்பதை லாரிகளின் வரலாறு காட்டிவிட்டது. அதைச் சின்ன வேனுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஒன்று, காலையில் சாவியைத் திருப்புவதற்கு முன் வேனைச் சுற்றி ஒரு நடை. விளக்கு, டயர், கண்ணாடி, வைப்பர். பிரேக் விளக்கைப் பார்க்க ஆள் இல்லையா? சுவர்ப் பக்கம் பின்புறத்தை வைத்து பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள், சுவரில் சிவப்பு தெரியும். இரண்டு நிமிட வேலை.

இரண்டு, வேனுக்குள் ஒரு நோட்டுப் புத்தகம். யார் ஓட்டினாலும் குறை தெரிந்தால் தேதியோடு எழுதட்டும். முதலாளி வாரம் ஒருமுறை படித்துக் கையெழுத்துப் போடட்டும். எழுதிய குறையைச் சரிசெய்தபின் அதையும் எழுதுங்கள்.

மூன்று, பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்பே ஒர்க்‌ஷாப்பில் ஒரு முன்சோதனை. பின் பிரேக், ஹேண்ட் பிரேக் இரண்டையும் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் அவசரத்துக்கு ஒரு விலை சேரும்.

நான்கு, பழைய வேன் வாங்கும்போது விற்பவரிடம் கடந்த பரிசோதனைத் தாள்களையும் பழுதுபார்த்த ரசீதுகளையும் கேளுங்கள். ஒருமுறை தோற்ற வேன் என்பதற்காக ஒதுக்க வேண்டாம். எதனால் தோற்றது, என்ன மாற்றினார்கள் என்று தாள் சொன்னால் அது நல்ல வேனாகவும் இருக்கலாம். தாளே இல்லாத பளபளப்பான வேனைக் கண்டால்தான் யோசிக்க வேண்டும்.

ஐந்து, ஓட்டுநரின் பேச்சைக் கேளுங்கள். "முதலாளி, பிரேக் கொஞ்சம் ஆழமாகப் போகுது" என்று அவர் சொன்னால், "இந்த வாரம் ஆர்டர் நிறைய இருக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த ஒரு வாரத்தில் அவர்தான் அந்த பிரேக்கை மிதிக்கப் போகிறார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பழைய சின்ன வேனைப் பரிசோதனையில் தேறும் என்று எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுக் கணக்கு தரும் விடை இதுதான்: அதை வைத்திருப்பவரை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு. பிராண்டும் வயதும் ஓரளவுக்குத்தான். ஆண்டு முழுவதும் பார்க்கப்பட்ட பெரிய லாரி தேறியது, ஆண்டுக்கொருமுறை மட்டும் நினைக்கப்பட்ட வேன் பாதிக்குப் பாதி தோற்றது. பரிசோதனைக் கடிதம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். வேனோ தினமும் சாலையில் இறங்குகிறது. நாளைக் காலை உங்கள் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.